ஆய்க்குடியும் நியாலாஸும்: ஒரு பயிற்சி, இரண்டு பாதை

மூன்று வயதாகியும் பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை என்றால் மலேசியத் தோட்டத்தில் முதலில் கிடைப்பது ஆறுதல். "அவங்க அப்பனும் நாலு வயசுலதான் வாயத் தொறந்தான், விடு புள்ள." சொல்கிற பாட்டி பொய் சொல்லவில்லை. தாமதமாகப் பேசிய அப்பன்கள் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார்கள். ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டாத, ஒரே மூடியைச் சுழற்றிக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையின் விஷயத்தில் அந்த ஆறுதல் ஓராண்டை விழுங்கிவிடும். மூளை வேகமாக வளரும் முதல் ஆறு வயதுக்குள் ஓராண்டு என்பது பெரிய பங்கு.

இதே பேச்சைத் தென்காசிப் பக்கத்துக் கிராமங்களிலும் கேட்கலாம். மலாக்கா மாநிலத்தில், ஜாசின் மாவட்டத்தின் உள்ளே, லேடாங் மலையின் பக்கமாக ஒதுங்கிக் கிடக்கிற நியாலாஸையும், குற்றால மலையைப் பார்த்தபடி இருக்கும் ஆய்க்குடியையும் அருகருகே வைக்கக் காரணம் இந்த ஆறுதல் மட்டுமன்று. வளர்ச்சியில் பின்தங்கும் குழந்தைகளுக்காக இரண்டு வட்டாரத்துக்கும் வந்து சேர்ந்த திட்டங்கள் ஒரே சிந்தனையிலிருந்து பிறந்தவை. பிறந்த பின் ஒன்று கட்டடம் கட்டிக்கொண்டது. மற்றொன்று வீடு வீடாக ஏறி இறங்குவதை விடவில்லை. இதில் எது சரி என்று எடுத்த எடுப்பில் தீர்ப்புச் சொல்ல ஆசை வரும். கொஞ்சம் பொறுத்துப் பார்த்தால், அந்தந்த ஊர்த் தாய்மார் எங்கே, எத்தனை மணிக்கு, என்ன வேலை செய்கிறார்கள் என்பதில்தான் பதில் இருக்கிறது.

மூலத்தை முதலில் சொல்லிவிடலாம். 1978இல் அல்மா அட்டா மாநாடு 'அனைவருக்கும் நலவாழ்வு' என்ற இலக்கை அறிவித்தது. அதையொட்டி உலக சுகாதார நிறுவனம் உடற்குறை உள்ளோருக்கான மறுவாழ்வையும் மருத்துவமனைச் சுவருக்கு வெளியே கொண்டுவர நினைத்தது. அதற்காக எழுதப்பட்ட கையேட்டின் ஆசிரியர்களில் ஒருவர் இலங்கையைச் சேர்ந்த இயன்முறை மருத்துவர் பத்மணி மெண்டிஸ். ஏனார் ஹெலண்டரும் குன்னல் நெல்சனும் அவரோடு சேர்ந்து எழுதியவர்கள். 1980ஐ ஒட்டிச் சோதனைப் பதிப்பாக வந்து, 1989இல் முழுமை பெற்ற அந்தக் கையேடு, பயிற்சி தருபவரைக் குடும்பத்துக்குள்ளேயே தேடச் சொன்னது: அம்மா, அக்காள், தாத்தா, யாராயினும் சரி. ஊர்க்காரர் ஒருவர் அவ்வப்போது வந்து சொல்லிக்கொடுப்பார். வீட்டார் தினமும் செய்வார்கள்.

இந்த எண்ணத்துக்கு இன்னொரு முன்னோடியும் உண்டு. 1969இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் போர்ட்டேஜ் என்ற சிற்றூரில் ஒரு திட்டம் தொடங்கியது. பண்ணை வீடுகள் தூரத்தூரமாகச் சிதறிக் கிடந்ததால் பிள்ளைகளை ஒரு மையத்தில் கூட்டுவது நடக்காத காரியம். எனவே வாரம் ஒருமுறை பயிற்றுநர் வீட்டுக்குப் போனார். அந்த வாரத்துக்கு இரண்டு மூன்று சிறு இலக்குகளைத் தாயோடு சேர்ந்து குறித்துவிட்டு வந்தார். அடுத்த வாரம் போய்ப் பார்த்தார். பணக்கார நாட்டிலேயே தூரத்துக்கு விடை இப்படித்தான் கிடைத்தது.

மலேசியா இந்த வழிக்கு 1984இல் வந்தது. திரெங்கானுவின் பத்து ராக்கிட்டில் முன்னோடித் திட்டம் தொடங்கி, இன்று நாடெங்கும் ஐந்நூறுக்கும் மேற்பட்ட மையங்களாகப் பெருகி நிற்கிறது. முழுப்பெயர் 'பெமுலிஹான் டாலாம் கொமுனிட்டி', சமூகத்துக்குள் மறுவாழ்வு. மக்கள் வாயில் அது பிடிகே. சமூக நல இலாகா பணம் தருகிறது. உள்ளூர்க் குழு ஒன்று நடத்துகிறது. ஒரு மேற்பார்வையாளரும் சில பணியாளர்களும் வேலை பார்க்கிறார்கள். விதிப்படி மூன்று வடிவங்கள் உண்டு: மையத்தில் பயிற்சி, வீட்டில் பயிற்சி, இரண்டும் கலந்தது. ஆனால் பிடிகே என்றதும் யாருக்கும் மனத்தில் வருவது ஒரு கட்டடமும் காலையில் பிள்ளைகளை ஏற்றிவரும் ஒரு வேனும்தான். கையேடு சொன்ன 'வீடு' மெல்ல ஓரத்துக்குப் போய்விட்டது.

கட்டடத்தை இகழ்வதற்கில்லை. வெளியே காட்டாமல் அறைக்குள் வைத்து வளர்த்த பிள்ளை, காலையில் பையை மாட்டிக்கொண்டு வேன் ஏறுவதை அண்டை வீட்டார் பார்ப்பதே ஒரு மாற்றம். தாய்க்கு நாளில் நான்கைந்து மணி நேரம் மூச்சு விட முடிகிறது. பிள்ளை வேறு பிள்ளைகளைப் பார்க்கிறது. பயிற்சி பெறுபவருக்குப் பல ஆண்டுகளாக மாதம் 150 ரிங்கிட் உதவித்தொகையும் கிடைத்து வந்திருக்கிறது. தோட்டக் குடும்பத்துக்கு அது அரிசியும் பால்மாவும். ஆனால் பிடிகே எல்லா வயதினருக்குமானது. மூன்று வயது ஆட்டிசக் குழந்தையும் முப்பது வயது இளைஞரும் ஒரே கூரையின் கீழ் இருப்பார்கள். அதே பணியாளர்கள் இருவரையும் பார்க்க வேண்டும். ஆரம்பநிலைப் பயிற்சிக்கு வேண்டிய, ஒரு பிள்ளையோடு ஒருவர் தரையில் உட்கார்ந்து செலவிடும் நேரம் அங்கே அரிதான பண்டம். இன்னொன்று, எனக்கு இதுவே பெரிய குறையாகப் படுகிறது: பிள்ளை மையத்தில் எதைக் கற்றது, எப்படிக் கற்றது என்பது அம்மாவுக்குத் தெரிவதில்லை. வேன் வருகிறது, பிள்ளை போகிறது, வருகிறது.

ஆய்க்குடியின் கதை வேறு ஓர் இடத்தில் தொடங்குகிறது. 1975இல் பெங்களூரில் கடற்படை அதிகாரித் தேர்வின்போது கழுத்தெலும்பில் அடிபட்டு, கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர் எஸ். இராமகிருஷ்ணன். அப்போது அவர் பொறியியல் மாணவர். ஊர் திரும்பியவர் 1981இல், ஐ.நா. உடற்குறை உள்ளோருக்கான ஆண்டாக அறிவித்திருந்த அந்த ஆண்டில், தமக்குச் சிகிச்சை தந்த விமானப்படை மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரால் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். பின்னர் தசைச்சிதைவு நோயோடு வாழ்ந்த பட்டயக் கணக்காளர் எஸ். சங்கரராமன் அவரோடு சேர்ந்தார். 2020இல் இராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. சக்கர நாற்காலியில் இருந்தவர்கள் கட்டிய நிறுவனம் என்பதால் 'போக முடியாதவனிடம் நாம் போக வேண்டும்' என்பது அவர்களுக்குக் கொள்கையாகக் கற்றுத்தர வேண்டிய ஒன்றாக இருக்கவில்லை என்று தோன்றுகிறது.

ஆய்க்குடியிலும் வளாகம் உண்டு, பள்ளி உண்டு. ஆனால் சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கான வேலையின் உயிர்நாடி கிராமத்துப் பெண்கள். பள்ளிப் படிப்பு முடித்த உள்ளூர்ப் பெண்களைத் தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்து, சமூக மறுவாழ்வுப் பணியாளர்களாக வீடுகளுக்கு அனுப்புகிறார்கள். அவர்கள் கையில் ஒரு டேப்லெட். அதில் 'எனேபிளிங் இன்க்ளூஷன்' என்ற செயலி. பிள்ளை எதைச் செய்கிறது, எதைச் செய்யவில்லை, அம்மாவின் மனச்சுமை எவ்வளவு என்பதெல்லாம் அதில் ஏறும். இயன்முறை, செயல்முறை, பேச்சுப் பயிற்சி நிபுணர்கள் அதைப் பார்த்து அடுத்த இலக்கை வகுப்பார்கள். மாறி மாறி அவர்களும் வீட்டுக்கு வருவார்கள். நிபுணர் சிலர், கிராமம் பல என்ற கணக்கை இப்படிச் சமாளிக்கிறார்கள். அம்மாவின் மனச்சுமையையும் அளந்து எழுதுவது சின்ன விஷயமில்லை. பிள்ளைக்குப் பயிற்சி தரப்போவது அவள்தான் என்று உண்மையாகவே நம்பினால்தான் அந்தக் கட்டம் படிவத்தில் இடம்பெறும்.

பிள்ளையைக் கண்டறியும் காரியத்தில் மட்டும் மலேசியாதான் முந்தி நிற்கிறது. தயங்காமல் சொல்லலாம். அரசாங்கக் கிளினிக்கில் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பதிவேட்டுப் புத்தகம் உண்டு. ஆண் பிள்ளைக்கு நீலம், பெண் பிள்ளைக்கு ரோஜா நிறம். பதினெட்டு மாதத்தில் ஆட்டிசத்துக்கான கேள்விப் பட்டியலை மிஸ்ஸி (தாதி) கேட்டு நிரப்ப வேண்டும். தடுப்பூசிக்குப் பிள்ளையைத் தூக்கிப் போகாத தோட்டத்துத் தாய் அரிது. ஆகவே அந்தக் கேள்விகள் ஏறக்குறைய எல்லாரையும் எட்டும். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 'ஒட்டுமொத்த வளர்ச்சித் தாமதம்' என்ற பெயரிலேயே மாற்றுத்திறனாளி அடையாள அட்டையான ஓகேயு கார்டு எடுக்கவும் வழி உண்டு. இந்தியாவில் 2013இல் தொடங்கிய, குழந்தைகளைப் பரிசோதிக்கும் ஆர்பிஎஸ்கே திட்டமும் மாவட்டத் தலைநகரங்களின் ஆரம்பநிலை மையங்களும் இதே வேலைக்கானவைதான். ஆனால் ஒரு நீலப் புத்தகத்தைப் போல வீட்டுக்கு வீடு இருப்பதில்லை. மலேசியாவின் ஓட்டை அடுத்த படியில். கேள்விக்கு 'இல்லை, இல்லை' என்று பதில் விழுந்த பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம், அங்கே சந்திப்பு நாள், பிறகு அடுத்த சந்திப்பு நாள். நியாலாஸ் மாநிலத்தின் வடகிழக்கு விளிம்பில். மலாக்கா நகரம் கடலோரத்தில். நடுவில் ஒரு நாள் சம்பளம் போகும்.

இனிப் பயிற்சியின் உள்ளடக்கம். நடத்தைப் பயிற்சி என்ற சொல்லைக் கேட்டதும் பிள்ளையைப் பழக்கிப் பணிய வைப்பது என்ற பயம் எழுவதில் நியாயம் உண்டு. 1987இல் கலிபோர்னியாவில் இவார் லோவாஸ் வெளியிட்ட ஆய்வுதான் இந்தத் துறையின் மைல்கல். ஆட்டிசமுள்ள 19 சிறு பிள்ளைகளுக்கு வாரம் 40 மணி நேரம், இரண்டு ஆண்டுகளுக்கும் மேல், ஒருவருக்கு ஒருவர் என்ற முறையில் பயிற்சி. ஒன்பது பிள்ளைகள் வழக்கமான முதல் வகுப்பில் சாதாரணமாகப் படித்துத் தேறினார்கள் என்றார். உலகமே திரும்பிப் பார்த்தது. பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் பிரிக்கவில்லை என்பதும், தவறு செய்தால் அதட்டுவதும் தொடையில் அடிப்பதும் அந்தப் பயிற்சியில் இருந்தன என்பதும் பிறகுதான் பெரிதாகப் பேசப்பட்டன. ஆட்டிசத்தோடு வளர்ந்த பெரியவர்கள் பலர் தங்கள் பிள்ளைப் பருவத்துப் பயிற்சியை வலியோடு நினைவுகூர்கிறார்கள். இந்த வகைத் தீவிரப் பயிற்சியைப் பற்றி 2018இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் மறுஆய்வில் சேர்க்க முடிந்தது ஐந்தே ஆய்வுகள், 219 பிள்ளைகள். பலன் உண்டு, சான்று வலுவில்லை என்பதே அதன் சாரம்.

நாற்பது மணி நேரம் என்ற எண்ணை நியாலாஸில் வைத்துப் பார்த்தால் கேலியாகத் தெரியும். 2025 முதல் மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். கோலாலம்பூர்த் தனியார் மையத்தில் ஒருவருக்கு ஒருவர் பயிற்சி என்றால் அந்தச் சம்பளம் முழுதையும் கொடுத்தாலும் வாரம் நாற்பது மணி நேரத்தை எட்ட முடியாது. எனவே அந்த எண்ணை விட்டுவிட்டு அதன் அடியில் இருக்கிற எளிய உண்மையைப் பிடிக்க வேண்டும். ஒரு நடத்தைக்கு முன் என்ன நடந்தது, பின் என்ன கிடைத்தது என்று பார்ப்பது. பிள்ளை அலறுகிறது, மைலோ கிடைக்கிறது. அலறல் வேலை செய்கிறது என்று பிள்ளை கற்றுக்கொண்டுவிட்டது. கற்றுக்கொடுத்தது நாம். அடுத்த முறை குவளையை எட்டாத உயரத்தில், கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வைத்துவிட்டுக் காத்திருக்கலாம். கை நீண்டால் போதும், உடனே ஒரு மடக்கு. பிறகு விரல், பிறகு 'ம்', பிறகு 'மை'. சிலிப்பர் மாட்டுவதையும் இப்படியே ஆறேழு துண்டாக உடைக்கலாம். கடைசித் துண்டை மட்டும் பிள்ளை செய்யட்டும், மற்றதை நாம் செய்து கொடுத்துப் பின்னாலிருந்து ஒவ்வொன்றாகக் கைவிடலாம். இதற்குப் பட்டம் வேண்டாம். பொறுமையும், யாராவது ஒருவர் இரண்டு மூன்று முறை பக்கத்தில் உட்கார்ந்து செய்து காட்டுவதும் வேண்டும்.

பட்டம் பெறாதவரால் இது முடியுமா என்ற கேள்விக்கு நம் பக்கத்திலிருந்தே ஒரு பதில் வந்திருக்கிறது. 2016இல் வெளியான 'பாஸ்' என்ற ஆய்வு கோவாவிலும் ராவல்பிண்டியிலும் நடந்தது. ஆட்டிசமுள்ள 65 பிள்ளைகள். ஒரு பாதிக்கு வழக்கமான கவனிப்பு; மறுபாதியினரின் பெற்றோருக்கு ஏழெட்டு மாதத்துக்குள் பன்னிரண்டு அமர்வுகள். நடத்தியவர்கள் நிபுணர்களல்லாத சுகாதாரப் பணியாளர்கள். இது கட்டளை கொடுத்துப் பழக்கும் வகையன்று. தாயும் பிள்ளையும் விளையாடுவதை வீடியோ எடுத்துத் தாய்க்கே போட்டுக் காட்டி, பிள்ளை தொடங்கியதைப் பின்தொடர்ந்து பேசக் கற்றுத்தருவது. தாய் பிள்ளையின் போக்கோடு ஒத்துப்போவதும், பிள்ளை தானாகத் தொடங்கும் உறவாடலும் கூடின. இருவரும் சேர்ந்து ஒன்றைக் கவனிப்பதில் மட்டும் எதிர்பார்த்தது நடக்கவில்லை. அதையும் ஒளிக்காமல் எழுதினார்கள். ஆய்க்குடிப் பெண்கள் செய்வது இதே குடும்பத்தைச் சேர்ந்த வேலை.

அப்படியானால் ஆய்க்குடியைப் பெயர்த்து நியாலாஸில் நட்டுவிடலாமா? இங்கேதான் தாய்மாரின் வேலை குறுக்கே நிற்கிறது. தென்காசி, திருநெல்வேலிப் பக்கம் பீடி சுற்றும் பெண்கள் லட்சக்கணக்கில். கூலி குறைவு, புகையிலைத் தூள் நெஞ்சைக் கெடுக்கும். அந்தத் தொழிலைப் புகழ ஒன்றுமில்லை. ஆனால் அது திண்ணையில் நடக்கும் வேலை. பகல் பதினொரு மணிக்குப் பணியாளர் வந்தால் அம்மா வீட்டில் இருப்பாள். மடியில் பீடித் தட்டு இருந்தாலும் கண்ணும் வாயும் பிள்ளைக்குக் கிடைக்கும். வீட்டுக்குப் போகிற திட்டம் அங்கே வேரூன்றியதில் இதற்கும் ஒரு பங்கு இருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

நியாலாஸ் வட்டாரத்துத் தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டத்து வேலையில் பெரும்பகுதி வெளிநாட்டுத் தொழிலாளர் கைக்குப் போனது. தமிழ்க் குடும்பங்களின் இளம் பெண்கள் விடியுமுன் பேக்டரி பஸ் ஏறி ஆயர் குரோவுக்கும் பத்து பெரெண்டாமுக்கும் போகிறார்கள். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். பகலில் வீட்டுக்குப் போகிற பணியாளர் பூட்டைத்தான் பார்ப்பார், அல்லது பாட்டியைப் பார்ப்பார். பிடிகே கட்டடமாக மாறியதற்கு அதிகாரிகளின் சோம்பலை மட்டும் காரணமாகச் சொல்வது அதனால்தான் எனக்குச் சரியாகப் படவில்லை. சம்பளத்துக்கு வெளியே போகிற தாய்க்குப் பிள்ளையை விட ஓர் இடம் வேண்டும். ஒரு காலத்தில் தோட்டத்து ஆயாக்கொட்டகை அந்த இடமாக இருந்தது. பால்மரம் வெட்டப் போகும் பெண்கள் இருட்டிலேயே பிள்ளையை அங்கே கிடத்திவிட்டுப் போவார்கள். ஏணையும் ஒரு ஆயாவும் இருந்தால் போதும் என்ற மட்டமான ஏற்பாடுதான். ஆனால் எந்தப் பிள்ளை எப்போது நடந்தது, எது இன்னும் பேசவில்லை என்பது ஆயாவுக்கு மனப்பாடம். தோட்டம் கலைந்தபோது அந்த மனப்பாடமும் போயிற்று. அதன் இடத்தில் வேறொன்று வரவில்லை.

ஆகவே நியாலாஸில் பயிற்சி கொடுக்கப்பட வேண்டிய ஆள் பெரும்பாலும் பாட்டி. மேலே 'விடு புள்ள' என்று சொன்ன அதே பாட்டி. அவரை எதிரியாக வைத்து எந்தத் திட்டமும் நடக்காது. பிள்ளை எதற்குச் சிரிக்கும், எதற்கு அலறும் என்று எல்லாரையும்விட நன்றாகத் தெரிந்தவர் அவர். காத்திருக்கச் சொல்லிக்கொடுத்தால் போதும். ஆனால் அவரிடம் எந்த மொழியில் சொல்லிக்கொடுப்பது? பிடிகேயில் பேச்சு பெரும்பாலும் மலாயில். ஆஸ்பத்திரியில் மலாயும் ஆங்கிலமும். வளர்ந்த பிள்ளைக்கு மலாய் அவசியம், அதில் சண்டையில்லை. ஆனால் இரண்டு வயதில் ஒரு சொல்லுக்கே தவிக்கிற பிள்ளை, மையத்தில் 'ஆயேர்' என்றும் வீட்டில் 'தண்ணி' என்றும் கேட்டால், கற்ற சொல்லைக் கேட்டுப் பாராட்ட வீட்டில் ஆளிருக்காது. பாராட்டில்லாத சொல் நிற்காது. ஆய்க்குடிக்கு இந்தச் சிக்கலே இல்லை. பணியாளரும் பாட்டியும் ஒரே வட்டாரத் தமிழில் பேசுகிறார்கள். அது எவ்வளவு பெரிய வசதி என்பதை அங்கிருப்பவர்கள் உணர்ந்திருப்பார்களா என்று தெரியவில்லை. மலாக்கா மாநிலத்தில் 21 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன; அவற்றை ஒட்டிப் பாலர் வகுப்புகளும் நடக்கின்றன. தமிழ் பேசும் ஒரு பயிற்றுநருக்கு அங்கே ஒரு மேசை போடுவது பெரிய செலவில்லை.

பணத்தைப் பற்றிப் பேசாமல் ஆய்க்குடியை உயர்த்திப் பிடிப்பது நேர்மையாகாது. அது தொண்டு நிறுவனம். நன்கொடையும் வெளிநாட்டு நிதியும் வரும்வரை வண்டி ஓடும். வீடு வீடாகப் போகும் பெண்களின் ஊதியம் குறைவு; திறமை கூடியதும் வேறு வேலைக்குப் போய்விடுகிறவர்களைக் குறை சொல்ல முடியாது. பிடிகேக்குப் பின்னால் ஓர் அரசும், ஆண்டுதோறும் ஒதுக்கீடும், 2008ஆம் ஆண்டின் உடற்பேறு குறைந்தோர் சட்டமும் இருக்கின்றன. அங்கும் பணியாளருக்குக் கிடைப்பது அலவன்ஸ் என்ற பெயரில்தான். இருந்தாலும் நாளைக்கு மையம் திறந்திருக்கும் என்ற நம்பிக்கை மலேசியத் தாய்க்கு உண்டு.

ஒன்றின் உறுதியும் மற்றொன்றின் முறையும் சேர்வதற்குப் புதிய கட்டடமோ புதிய சட்டமோ தேவைப்படாது. பிடிகே விதிகளில் வீட்டுப் பயிற்சி ஏற்கனவே எழுதப்பட்டிருக்கிறது. ஜாசின் மாவட்டத்தில் தமிழ் தெரிந்த ஒரு பணியாளர், ஒரு மோட்டார் சைக்கிள், வாரத்துக்கு ஒருமுறை பாட்டியோடு ஒரு மணி நேரம். அம்மாவையும் பார்க்க வேண்டுமானால் பேக்டரி பஸ் இறக்கிவிட்ட பிறகு, இரவு எட்டு மணிக்குப் போக வேண்டும். மையங்கள் சாயங்காலத்தோடு மூடிவிடும். எட்டு மணிக்குப் போகிற அந்தப் பணியாளருக்கு ஓவர்டைம் எந்தக் கணக்கிலிருந்து வரும் என்பதைச் சமூக நல இலாகாதான் சொல்ல வேண்டும்.